பத்து மணிக்கு மூச்சு விட்ட கம்ப்யூட்டர்

2004-ஆம் வருடம், கத்திரி வெயில் தொடங்கிய வாரம். நான் பொன்னேரியில் ஒரு சின்ன சர்வீஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டி.வி., மானிட்டர், யு.பி.எஸ்., கல்யாண வீட்டு ஆம்ப்ளிஃபயர் என்று கரண்டில் ஓடுகிற எது கெட்டாலும் எங்கள் கடைக்கு வரும். முதலாளி பழவேற்காட்டுக்காரர். ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு அங்கே சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சால்டரிங் அயர்ன் பிடிக்கிற பெண் என்று அந்தப் பக்கத்தில் அப்போது நான் ஒருத்திதான். பெண் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்கள் வீட்டு டி.வி.யையே சரிசெய்து கொடுத்திருக்கிறேன். அதனால் தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

ஒருநாள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலிருந்து போன் வந்தது. லாரிகளுக்கு ஸ்பிரிங் செய்யும் கம்பெனி. கம்ப்யூட்டரில் படம் ஆடுகிறது, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது என்று மேனேஜர் சொன்னார். எப்போதும் வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, நேரில் வந்து பாருங்கள் என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கருவிப் பையை மாட்டிக்கொண்டு மின்சார ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குள் நுழையும்போது மணி ஒன்பதரை. பெரிய தகர ஷெட்டுக்குள் இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் இரண்டு மின்சார உலைகள். அதை ஒட்டி ஒரு சின்ன அறை. உலைக்குள் எவ்வளவு சூடு என்று காட்டுகிற கம்ப்யூட்டர் அந்த அறையில்தான் இருந்தது.

அதைக் கம்ப்யூட்டர் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கும். எனக்குப் பால் பல் விழுந்த காலத்தில் வாங்கியது. கீபோர்டும் மூளையும் ஒரே இரும்புப் பெட்டிக்குள். அதன் தலைமேல் பச்சை எழுத்து மட்டும் காட்டுகிற ஒரு மானிட்டர். இரண்டு உலைகளிலிருந்தும் சூட்டை அளக்கிற வயர்கள் சுவரைத் துளைத்து வந்து பெட்டியின் முதுகில் சேர்கின்றன. சூடு அளவு மீறினால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தும். புரோகிராம் எழுதியவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். வேறு மெஷினுக்கு மாற்ற வழி தெரியாமல் இதையே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அறையில் உலை ஆபரேட்டர் இருந்தார். ஆரம்பாக்கத்திலிருந்து வந்துபோகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். நான் மெஷினைப் போட்டுப் பார்த்தேன். எழுத்துகள் அசையாமல் பளிச்சென்று நின்றன. ஸ்பீக்கரில் ஒரு இரைச்சலும் இல்லை. நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.

"இப்ப ஒண்ணியும் தெரியாது மேடம். பத்து மணி ஆவட்டும். வரும்," என்றார்.

என்ன வரும் என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தார். அங்கே பிளாஸ்டிக் மாலை போட்ட ஒரு போட்டோ இருந்தது. பதினைந்து வருடம் அந்தக் கம்பெனிக்கு எலெக்ட்ரீஷியனாக இருந்தவராம். பொங்கல் கழிந்த மறுவாரம் வீட்டில் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாவது உலையைத் தினமும் பத்து மணிக்குத்தான் போடுவார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் இரண்டு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இந்த அறை வழியாகப் பின்பக்கம் போவது வழக்கமாம். பங்குனி பிறந்ததிலிருந்து அதே பத்து மணிக்கு மெஷின் இப்படிச் செய்கிறது என்று ஆபரேட்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைத்தேன்.

பத்து மணிக்கு உலைப் பக்கம் டொப்பென்று ஸ்விட்ச் விழுகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி திரையில் இருந்த எழுத்துகளெல்லாம் ஒன்றாக இடது பக்கம் சாய்ந்தன. ஸ்பீக்கரிலிருந்து மெல்ல ஒரு முனகல் புறப்பட்டது. அடித்தொண்டையில் யாரோ மூச்சை இழுப்பது போல ஏறி, அப்படியே கொஞ்ச நேரம் நின்று, பிறகு சட்டென்று விட்டது. எழுத்துகள் நிமிர்ந்தன. அறை அமைதியானது. நான் வாட்சைப் பார்த்தேன். அரை நிமிடம் கழித்து மறுபடியும் எழுத்து சாய்ந்தது, மறுபடியும் மூச்சு.

எத்தனையோ ஆம்ப்ளிஃபயர் இரைச்சலைக் கேட்டவள் நான். இரைச்சல் ஒரே சீராக இருக்கும். இது அப்படி இல்லை. கையில் முடியெல்லாம் குத்திட்டு நின்றது. திரும்பிப் பார்த்தால் ஆபரேட்டர் அறையில் இல்லை, வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

அப்போது துடைப்பமும் பக்கெட்டுமாக ஒரு அம்மா உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். வெறுங்கால், இடுப்பில் செருகிய புடவை. அவர் என்னைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. நேராக மெஷினிடம் போய் அந்த இரும்புப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நாலைந்து மூச்சு வரைக்கும் அப்படியே நின்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பயப்படாதம்மா. ஒண்ணும் பண்ண மாட்டாரு," என்று சொல்லிவிட்டுத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

இறந்துபோன எலெக்ட்ரீஷியனின் மனைவி அவர். கணவர் போன பிறகு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். தினமும் பத்து மணிக்கு அந்த அறைக்கு வருவதற்காகவே மற்ற இடங்களை அவசர அவசரமாக முடித்துவிடுவாராம். இதெல்லாம் ஆபரேட்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பக்கத்தில் நிற்கக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

படமும் ஆடி சத்தமும் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பவர் சப்ளையை. மெஷினை மூட்டை கட்டிக் கம்பெனி வேனிலேயே பொன்னேரிக்குக் கொண்டுபோனேன். அதுவரைக்கும் கை மீட்டரை வைத்து உலையை ஓட்டிக்கொள்வதாக மேனேஜர் சொன்னார். கடையில் பெட்டியைத் திறந்து, உப்பிப்போயிருந்த பழைய கண்டென்சர்களை எல்லாம் மாற்றினேன். கனெக்டர்களை ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். விரிசல் விட்ட சால்டரைத் திரும்ப வைத்தேன். மூன்று நாள் தொடர்ந்து ஓடவிட்டேன். மூன்று நாளும் பத்து மணிக்கு அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். குழந்தை மாதிரி சமர்த்தாக ஓடியது. நான் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து பாய் கேலி செய்தார். ஜின் பிடித்த மெஷினுக்கு ஓதிப் பார்க்கவும் தனியாக பில் போடலாமா என்று கேட்டார்.

நாலாம் நாள் மெஷினோடு போய் இறங்கினால் கம்பெனியில் யார் முகமும் சரியில்லை. மெஷின் இருந்த மேஜையில் கற்பூரம் கொளுத்திய கறுப்பு, நாலாக அறுத்துக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். ஆபரேட்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்க மெஷின எடுத்துக்கினு போன மூணு நாளும் பர்னஸ் கதவ தொட்டா சுர்ருனு ஏறுது மேடம். கிளவுஸு போட்டாலும் தெரியுது. அவரு பொருள எடுத்துக்கினு போனது அவருக்குப் புடிக்கல. எல்லாருக்கும் ஒரே பேஜாரு."

நான் இந்த முறை சிரித்தேவிட்டேன். கண்டென்சர் மாற்றியாகிவிட்டது, இனி யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வயர்களை எல்லாம் பழையபடி மாட்டினேன். உலையில் கை வைத்தால் கரண்ட் ஏறுகிறது என்று ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்கிறார். அதைக் கேட்டுச் சிரித்தவள் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

பத்து மணி. டொப். எழுத்துகள் இடது பக்கம் சாய்ந்தன. மூச்சு ஏறியது, நின்றது, விட்டது.

என் மூன்று நாள் வேலை அத்தனையும் வீண். வாசலில் நாலைந்து பேர் கூடி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானமாக இருந்தது. என் கடையில் மூன்று நாள் வாயைத் திறக்காத மெஷின் இங்கே வந்ததும் மூச்சு விடுகிறது என்றால் என்ன அர்த்தம்? நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தேன். மானிட்டர் வயரை மாற்றினேன், மூச்சு நிற்கவில்லை. உலையிலிருந்து வருகிற வயர்களைக் கழற்றினேன். நின்றது. ஆனால் அந்த வயர் இல்லாவிட்டால் அங்கே மெஷினுக்கே வேலை இல்லை. திரும்ப மாட்டினேன், மூச்சும் திரும்ப வந்தது.

கடைசியாக பிளக்கைத் திறந்தேன். மூன்று பின் உள்ள பிளக்கில் பெரிதாக ஒரு பின் இருக்கிறதே, அதுதான் எர்த். வழி தவறி இரும்புக்கு வருகிற கரண்ட் ஆள்மேல் பாயாமல் மண்ணுக்குப் போவதற்கான வடிகால் அது. எங்கள் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. மைக் செட்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பந்தலில் ஆம்ப்ளிஃபயர் இரைந்தால் எர்த் வயரைக் கழற்றி விடுவார்கள், இரைச்சல் போய்விடும், கச்சேரி நடக்கும். நானும் பத்து இருபது இடங்களில் அதைச் செய்திருக்கிறேன்.

பிளக்குக்குள் இருந்த பச்சை எர்த் வயரின் திருகைத் தளர்த்தி வெளியே இழுத்தேன். அப்போது அதன் நுனியில் நீலமாக ஒரு பொறி தெறித்தது. பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அந்த வயரில் சாதாரணமாகக் கரண்டே ஓடக்கூடாது. பொறி எப்படி வரும் என்று நான் அங்கேயே நின்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதே நொடியில் எழுத்துகள் நிமிர்ந்து நின்றுவிட்டன, ஸ்பீக்கர் அடங்கிவிட்டது. ஒரு நிமிடம் பார்த்தேன், ஐந்து நிமிடம் பார்த்தேன். உலை ஓடிக்கொண்டிருந்தது, மெஷின் மூச்சு விடவில்லை.

வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு டீ சொன்னார். ஆபரேட்டர்கூட, கெட்டிக்காரப் பெண்தான் என்று மேனேஜரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் பிளக்கை மூடிவிட்டு, ராணி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து சர்வீஸ் ரிப்போர்ட் எழுதத் தொடங்கினேன். எர்த் வயரைக் கழற்றியதை மட்டும் எழுதவில்லை. 'மின் இரைச்சல் நீக்கப்பட்டது' என்று கௌரவமாக எழுதினேன். கூட்டம் கலைந்து ஆபரேட்டர் மட்டும் வாசலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா அன்று கொஞ்சம் தாமதமாக வந்தார். அறைக்குள் நுழைந்ததுமே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, சத்தம் காணோம்?"

சரி பண்ணிவிட்டேன் அக்கா, இனிமேல் வராது என்று நான் நிமிராமலே சொன்னேன். சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது. பக்கெட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. ஈரத் துணியால் மேஜைக்குக் கீழே துடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

ஓரக்கண்ணால் பார்த்தேன். வழக்கம் போல அந்த இரும்புப் பெட்டியின் மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். நான் எழுதுவதைத் தொடர்ந்தேன். இவ்வளவு கஷ்டப்பட்டுச் சரிசெய்திருக்கிறேன், ஒரு நல்ல வார்த்தை இல்லையே என்று மனதுக்குள் குறைபட்டுக்கொண்டேன். அந்த அறையில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. பச்சை எழுத்துகள் ஆடாமல் நின்றன. எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. நாலு நொடி இருக்கலாம், பத்து நொடியும் இருக்கலாம்.

நிமிர்ந்து பார்த்தபோது அவர் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. வாய் பாதி திறந்திருந்தது, குரல் வரவில்லை. வெறுங்காலைச் சுற்றித் தரையில் தேங்கியிருந்த தண்ணீர் சின்னச் சின்ன அலையாக நடுங்கிக்கொண்டிருந்தது.

கரண்ட் என்று மண்டையில் உறைத்தது. ஒரே பாய்ச்சலில் போய் பிளக்கைப் பிடுங்கினேன். திரை ஒரு பச்சைப் புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. ஆனால் அவர் கை விடுபடவில்லை. பிளக் என் கையில் தொங்குகிறது, மெஷின் அணைந்துவிட்டது, அந்த இரும்பு மட்டும் அவரை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. என் படிப்பில் இதற்கு விடையே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், இவர்கள் சொன்னதெல்லாம் நிஜம்தான், செத்துப்போனவர்தான் தன் மனைவியைக் கூப்பிடுகிறார் என்று அந்த நொடியில் நான் நம்பினேன். பிளக்கைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

ஆபரேட்டர் டீ கிளாசை வீசிவிட்டு ஓடினார். அந்த அம்மாவிடம் வரவில்லை, உலைப் பக்கம் ஓடினார். அங்கே இருந்த சிவப்பு பட்டனை அவர் அடித்த சத்தம் கேட்டது. உடனே அந்த அம்மா வேரறுந்த வாழை போலத் தரையில் சாய்ந்தார்.

மூச்சு இருக்கிறதா என்று பார்க்க அவர் மூக்கருகில் விரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆபரேட்டர் அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இருக்கிறது என்று தலையாட்டினார். உள்ளங்கை வெந்து தோல் வெளுத்திருந்தது. கம்பெனி வேனில் ஏற்றும்போது லேசாக முனகினார். அந்த முனகலைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

வேன் போனதும் நான் முதலில் செய்தது அந்தப் பச்சை வயரைத் திரும்ப மாட்டியதுதான். பிறகு மீட்டரை எடுத்துக்கொண்டு ஆபரேட்டரிடம் போய், பட்டனை அடிக்க எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"நீங்க பிளக்கப் புடுங்கினதும் விடலியே மேடம். அப்ப வேற எங்க இருந்து வரும்? மூணு நாளா எங்க கைல ஏறினதும் அதானே," என்றார்.

எனக்குத் தெரிய வேண்டியது அவருக்குத் தெரிந்திருந்தது. உலைக்கு எர்த் எங்கே போகிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. உலையின் காலடியிலிருந்து ஒரு இரும்புப் பட்டை சுவர் வழியாகப் பின்பக்கம் போனது. நானும் அவரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்ந்தோம். ஷெட்டுக்குப் பின்னால் கழித்துப் போட்ட ஸ்பிரிங் குவியலுக்கு அடியில் அது மறைந்தது. குவியலை ஒதுக்கினால் ஒரு சிமென்ட் மூடி. மூடியைப் புரட்டினால் சின்னக் குழி, அதில் மண்ணுக்குள் இறங்குகிற ஒரு குழாய். குழியில் ஈரம் என்பது பேருக்குக்கூட இல்லை. மண் பாளம் பாளமாக வெடித்து, உப்புப் பூத்துக் கிடந்தது.

ஆபரேட்டர் குழியைப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா பக்கெட்டு," என்றார். பதினைந்து வருடம் பார்த்தும் அங்கே ஒருவரும் கேட்டதில்லை. செடிக்கு ஊற்றுகிறார் என்று சிலர் நினைத்திருக்கிறார்கள், ஏதோ சாமிக்கு வேண்டுதல் என்று சிலர்.

எர்த் குழியில் ஈரம் இருந்தால்தான் கரண்டை மண் வாங்கும். உலைக்குள் ஒரு ஹீட்டர் வயதாகி, அதன் கரண்ட் இரும்பு உடம்புக்குக் கசிந்துகொண்டிருந்தது. அவர் தினமும் ஊற்றிய தண்ணீர் அந்தக் கசிவை மண்ணுக்கு அனுப்பியது. அவர் போனார், குழி காய்ந்தது. கசிந்த கரண்ட் வேறு வழி தேடி, சூட்டை அளக்கிற வயரின் உலோக மேலுறை வழியாகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, அதன் எர்த் வயர் வழியாக ஆபீஸ் பக்கத்தில் இருந்த இன்னொரு எர்த் குழிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழி குளியலறை ஓரத்தில் இருந்ததால் எப்போதும் ஈரம். உலையின் ஹீட்டர் சூட்டுக்கு ஏற்றபடி தானாக எரிந்து தானாக அணையும். எரியும்போதெல்லாம் மெஷின் முனகியது, அணைந்தபோது அடங்கியது. இரண்டு மாதமாக அந்த ஷெட்டில் ஒருவரும் சாகாமல் இருந்ததற்கு அந்தக் கிழட்டு மெஷின்தான் காரணம். நான் வந்து அந்த வழியை அடைத்தேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உலையின் கரண்ட் அந்த அம்மாவின் கை வழியாக ஈரத் தரைக்கு இறங்கியது அதனால்தான்.

குழாயில் தண்ணீர் ஊற்றினோம். முதல் பக்கெட் போன இடம் தெரியவில்லை. இரண்டாவது பக்கெட்டில், மண்ணுக்கு அடியிலிருந்து தொண்டை நனைகிற மாதிரி மடக் மடக்கென்று ஒரு சத்தம் வந்தது. பட்டப்பகல், உச்சி வெயில். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பன்னிரண்டு பக்கெட் ஊற்றிய பிறகுதான் குழியில் தண்ணீர் நின்றது. மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஹீட்டரை மாற்றுகிற வரைக்கும் அந்த உலையைப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஈரத் தரையில் வழுக்கி மெஷின்மேல் விழுந்துவிட்டதாக எழுதிக்கொள்ளலாமே, உங்கள் பெயரும் கெடாது என்று தணிந்த குரலில் சொன்னார். என் நாக்கில் சரி என்கிற வார்த்தை வந்துவிட்டது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அதை விழுங்கிவிட்டு, ரிப்போர்ட்டைக் கிழித்து வேறு எழுதினேன். எர்த் வயரைக் கழற்றியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மா கண் விழித்துப் படுத்திருந்தார், வலது கையில் பெரிய கட்டு. உயிருக்குப் பயமில்லை என்று நர்ஸ் சொன்னார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நான்தான் வயரைக் கழற்றினேன் என்று போட்டு உடைத்தேன். குழி, தண்ணீர், ஹீட்டர், மெஷின் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த எளிய வார்த்தையில் சொன்னேன். அவர் கணவர் எதற்காகத் தினமும் பக்கெட் தூக்கினார் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

அவர் திட்டவில்லை. மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்ப ரெண்டு மாசமா வந்துக்கினு இருந்தது அவரு இல்லியா?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராகவே இல்லை. ஆனால் அன்று பகலில்தான் ஒரு பொய்யைக் கிழித்துப் போட்டிருந்தேன், இன்னொன்று சொல்ல மனம் வரவில்லை. "இல்லக்கா. அவரு ஊத்தின தண்ணி நின்னு போச்சு. அதனாலதான் அந்தச் சத்தம். வேற ஒண்ணும் இல்ல," என்றேன்.

அவர் கட்டுப் போட்ட கையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை.

"தண்ணி ஊத்த ஆள் இல்லன்னு சொல்லிக்கினு இருந்தாரு. எனக்குத்தான் புரியல. நீயும் அத்தத்தானேம்மா சொல்ற," என்றார்.

அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இன்று எனக்குச் சொந்தமாக ஒரு கடை இருக்கிறது. சத்தம் வருகிறது, நிறுத்திக் கொடுங்கள் என்று யாராவது ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தால், ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அதைக் கேட்கிறேன். என்னிடம் வேலை பார்ப்பவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. என் முன்னால் ஒரு அம்மா இரும்பின் மேல் கை வைத்து நின்றதும், அவர் கும்பிடுகிறார் என்று நினைத்து நான் குனிந்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்ததும் அவர்களுக்கு எப்படித் தெரியும்?